விளம்பரத்தை விளம்பரம் என்றே சொல்லுங்கள்
பண்பலை அறிவிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பண்பலை அறிவிப்பாளர்களே,

உங்களை ஆர்.ஜே. என்று செல்லமாக அழைக்கும் நேயர்களில் ஒருவன் எழுதுகிறேன். உங்கள் நிகழ்ச்சிகளில் அண்மைக் காலமாக ஒரு பழக்கம் வேரூன்றி வருகிறது. பாட்டு முடிகிறது. நீங்கள் மழையைப் பற்றியோ போக்குவரத்து நெரிசலைப் பற்றியோ பேசுகிறீர்கள். ஒரு நேயர் தொலைபேசியில் வருகிறார், அவரோடு சிரிக்கிறீர்கள். பிறகு அதே குரலில், அதே உரிமையோடு, நேற்று ஓரிடத்துக்குப் போனதாகவும் அங்கே மனைகள் அருமையாக இருப்பதாகவும் சொல்கிறீர்கள். அது உங்கள் அனுபவமா, யாரோ எழுதிக் கொடுத்த தாளா என்று கேட்பவருக்குத் தெரிய வழியில்லை. உங்கள் அலுவலகத்தில் இதற்கு 'ஆர்.ஜே. மென்ஷன்' என்று பெயர் உண்டு, விளம்பரதாரரிடம் இதற்கெனத் தனிக் கட்டணம் பேசப்படுகிறது என்பதெல்லாம் டீக்கடையில் வானொலியைத் திருப்பி வைத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

என் கோரிக்கை சிறியது. காசு பெற்றுக்கொண்டு சொல்வதை, காசு பெற்றுக்கொண்டுதான் சொல்கிறோம் என்று நேயருக்குத் தெரியும்படி சொல்லுங்கள்.

விளம்பரமே கூடாது என்று கேட்கும் ஆள் நான் இல்லை. உங்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஒருகாலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் தபால் அலுவலகத்தில் உரிமக் கட்டணம் கட்டினார்கள். இப்போது அந்தக் கட்டணம் இல்லை. தனியார் நிலையத்துக்கு விளம்பரம் தவிர வேறு வருமானமும் பெரிதாக இல்லை. நான் கேட்பது, அந்த விளம்பரத்துக்கும் உங்கள் பேச்சுக்கும் நடுவே இருக்க வேண்டிய வரப்பைப் பற்றி. வானொலி பிறந்த நாளிலிருந்தே அந்த வரப்பை வெட்டிக் கரைக்கும் முயற்சியும், அதை மீண்டும் கட்டும் முயற்சியும் மாறிமாறி நடந்து வந்திருக்கின்றன. உங்கள் தொழிலின் வரலாறு அது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1922 பிப்ரவரியில் வாஷிங்டனில் முதல் தேசிய வானொலி மாநாடு கூடியது. கூட்டியவர் அன்றைய வணிகத் துறைச் செயலர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர். இவ்வளவு பெரிய பொதுச்சேவைக் கருவியை விளம்பர இரைச்சலில் மூழ்கவிடுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்ற பொருளில் அவர் பேசினார். அந்தப் பேச்சு ஆறு மாதமே தாங்கியது. ஆகஸ்ட் 28ஆம் தேதி நியூயார்க்கில் டபிள்யூஇஏஎஃப் என்ற நிலையத்தில் ஒருவர் ஏறக்குறையப் பத்து நிமிடம் பேசினார். நிலையத்தை நடத்தியது ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம். பொதுத் தொலைபேசியில் காசு போட்டுப் பேசுவதைப் போல, கட்டணம் கட்டுகிற எவரும் வானொலியில் பேசலாம் என்பது அவர்கள் திட்டம். பேசியவர் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற வீட்டுமனை நிறுவனத்தின் ஆள். கட்டணம் 50 டாலர். அமெரிக்க வானொலியின் முதல் கட்டண விளம்பரம் என்று பெரும்பாலான வரலாறுகள் குறிப்பது இதைத்தான்.

பேச்சு எப்படித் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். நதானியேல் ஹாதோர்ன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளரின் நினைவைப் போற்றித் தொடங்கியது. அவர் பெயரில் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் 'ஹாதோர்ன் கோர்ட்' என்று ஓர் அடுக்ககம் கட்டியிருந்தார்கள். இலக்கியம் மெல்ல நகர்ந்து நகர நெரிசலுக்கு வந்தது. நெரிசலிலிருந்து நல்ல காற்றுக்கும் மரங்களுக்கும் போய், கடைசியில் அந்த அடுக்ககத்தின் வாசலில் வந்து நின்றது. விளம்பரம் வானொலிக்குள் முதல் அடி வைத்தபோதே பொது உரையின் வேடம் போட்டுத்தான் வந்திருக்கிறது. வீட்டுமனைதான் அன்றும் சரக்கு.

செய்தித்தாளில் இந்த வேடம் அத்தனை எளிதில் பலிக்காது. அங்கே கட்டம் கட்டுகிறார்கள், எழுத்துரு மாறுகிறது, மூலையில் பொடி எழுத்திலாவது 'விளம்பரம்' என்று போடுகிறார்கள். கண்ணுக்கு ஓர் எல்லை கிடைக்கிறது. காதுக்கு அப்படி எதுவும் கிடையாது. வேறொரு குரல், ஒரு சிறு இசைத் துணுக்கு, ஓர் அறிவிப்பு வாக்கியம், ஒரு கணம் அமைதி ஆகியவற்றை வைத்துத்தான் வானொலியில் எல்லை போட முடியும். அறிவிப்பாளரின் சொந்தக் குரலே விளம்பரத்துக்குள் நுழைந்துவிட்டால் இவை அத்தனையும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன.

அமெரிக்கர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1927இல் அவர்கள் இயற்றிய வானொலிச் சட்டத்தில், காசு வாங்கி ஒலிபரப்பும் எதையும் இன்னார் காசு கொடுத்தார் என்று அறிவித்தே ஒலிபரப்ப வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்ந்தது. 1934இன் தகவல்தொடர்புச் சட்டத்திலும் அது தொடர்ந்தது. ஆனால் சட்டத்தைவிட வேகமாக ஓடிய ஒரு மனிதர் இருந்தார். அவர் கதையை நீங்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஜான் ஆர். பிரிங்க்லி. கேன்சஸ் மாநிலத்தில் மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் மருத்துவமனை வைத்திருந்தார். ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாகச் சொல்லி, ஆட்டுக் கிடாயின் விரைகளை மனிதர்களுக்கு வைத்துத் தைத்தார். ஒரு சிகிச்சைக்கு 750 டாலர். 1923இல் கேஎஃப்கேபி என்ற வானொலி நிலையத்தைத் தொடங்கினார். பாட்டும் இசையும் பிரசங்கமும் ஒலித்த நிலையம் அது. அவற்றின் நடுவே அவரே ஒலிவாங்கி முன் உட்கார்ந்து 'மருத்துவக் கேள்விப் பெட்டி' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். நேயர்கள் தம் நோயை விவரித்துக் கடிதம் எழுதுவார்கள். அவர்களை நேரில் பார்க்காமல், தொட்டுச் சோதிக்காமல், கடிதத்தை வாசித்துவிட்டு இன்ன எண்ணுள்ள மருந்தை வாங்கிச் சாப்பிடுங்கள் என்பார். அந்த எண்களுக்குரிய மருந்துகள் அவரோடு ஒப்பந்தம் போட்ட மருந்துக்கடைகளில் மட்டும் கிடைக்கும். விற்ற ஒவ்வொன்றுக்கும் அவருக்குப் பங்கு. நேயர்கள் அதை நோயாளிமேல் இரக்கம் கொண்ட ஒரு டாக்டரின் பேச்சு என்று கேட்டார்கள். உண்மையில் அது நாள்தவறாமல் நடந்த விற்பனை.

1930இல் கேன்சஸ் மருத்துவ வாரியம் அவருடைய மருத்துவ உரிமத்தைப் பறித்தது. அதே ஆண்டு கூட்டாட்சி வானொலி ஆணையம் நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த ஆண்டே அவர் ஆளுநர் தேர்தலில் நின்றார். வாக்குச்சீட்டில் பெயர் அச்சாகாத வேட்பாளர், வாக்காளர்கள் கையால் எழுதிப் போட வேண்டும். அப்படியும் 1,80,000க்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. தோற்றார். ஆனாலும் அந்த எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள். மருத்துவர்கள் போலி என்று அறிவித்த ஒருவரை, வீட்டுக்குள் நாள்தோறும் கேட்ட குரல் என்பதற்காக அத்தனை பேர் நம்பினார்கள். பிறகு அவர் எல்லை தாண்டி, டெக்சஸின் டெல் ரியோவுக்கு எதிரே மெக்சிகோவின் வில்லா அகுன்யாவில் இன்னும் சக்தி வாய்ந்த நிலையம் ஒன்றை நிறுவி மறுபடியும் பேசினார். அமெரிக்க மருத்துவக் கழக இதழின் ஆசிரியர் மோரிஸ் ஃபிஷ்பைன் அவரைப் போலி மருத்துவர் என்று எழுதியபோது பிரிங்க்லி அவதூறு வழக்குப் போட்டார். 1939இல் அந்த வழக்கில் தோற்றார். 1941இல் திவாலானார், அடுத்த ஆண்டு இறந்தார்.

இது தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு வானொலியில் வந்த மருத்துவ நிகழ்ச்சியைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டுச் சூரணம் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். அந்த ஒரு மணி நேரத்தையும் மருந்து விற்பவரே விலைக்கு வாங்கியிருந்தார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "அந்தத் தம்பி ரொம்ப நாளாப் பேசுறவரு, பொய் சொல்லுவாரா?" என்று கேட்டார். அவர் தம்பி என்றது மருந்து விற்ற வைத்தியரை இல்லை; நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய அறிவிப்பாளரை. கால் புண் ஆறாமல் போய், அரசு மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் மாத்திரைக்குத் திரும்பினார். நம் நாட்டில் 1954ஆம் ஆண்டிலிருந்தே மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் இருக்கிறது. நீரிழிவு உட்பட, அதன் பட்டியலில் உள்ள நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே அது தடுக்கிறது. விளம்பரத்துக்குத் தடை இருப்பதால்தான் அது 'நிகழ்ச்சி'யாக வேடம் மாற்றி வருகிறது. அந்த வேடத்துக்கு உங்கள் குரல் தேவைப்படுகிறது.

வணிகமும் நேர்மையும் சேர்ந்து இருக்க முடியாதா என்று கேட்டால், இருந்திருக்கின்றன. அதற்கு நமக்கு மிக அருகிலேயே சான்று உண்டு.

1952இல் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களைத் தரம் குறைந்தவை என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவை மங்கி மறைந்தன. நேயர்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசிய நேசப்படைத் தலைமையகத்துக்காக நிறுவிய சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பு வசதி போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது. 1950இல் இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த கிளிஃபோர்டு டாட் என்ற ஆஸ்திரேலியர் அதை வளர்த்தெடுத்தார். இந்தியாவின் கம்பெனிகள் தம் விளம்பரப் பணத்தைக் கடல் கடந்து கொண்டுபோய்க் கொட்டின, ஏனென்றால் இங்கே வானொலியில் விளம்பரத்துக்கே இடமில்லை.

இந்தியில் அமீன் சயானி 'பினாக்கா கீத்மாலா'வை 1952 டிசம்பரில் தொடங்கினார். பினாக்கா என்பது சிபா கம்பெனியின் பற்பசை. நிகழ்ச்சியின் பெயரிலேயே சரக்கின் பெயர் இருந்தது. யார் காசு, எதற்காக இந்தப் பாட்டுகள் என்பதில் எவருக்கும் ஐயம் வர வழியே இல்லை. பற்பசையின் பெயர் மாறியபோது நிகழ்ச்சியும் 'சிபாக்கா கீத்மாலா' ஆயிற்று. தமிழில் எஸ்.பி. மயில்வாகனமும் அவருக்குப் பின் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்றோரும் தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் வந்தார்கள். அவர்கள் உச்சரிப்பைக் கேட்டுத் தம் தமிழைத் திருத்திக்கொண்டவர்கள் எங்கள் தலைமுறையில் ஏராளம். கோபால் பல்பொடி விளம்பரத்தை இன்றும் வரி பிசகாமல் சொல்லக்கூடியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் அது விளம்பரம் என்று அன்று கேட்ட குழந்தைக்கும் தெரியும். அதற்கென்று ஒரு தாளம் இருந்தது. அது முடிந்ததும் அறிவிப்பாளர் மறுபடியும் அறிவிப்பாளராகப் பேசினார். இலங்கை வானொலியின் பொற்காலம் என்று நாம் கொண்டாடுவது முழுக்க முழுக்க வர்த்தக ஒலிபரப்பு. விளம்பரம் அதன் மதிப்பைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

டில்லியும் பாடம் படித்தது. 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித் பாரதி வந்தது, திரைப்பாடல் திரும்பியது. 1967இல் பம்பாய், புனே, நாகபுரியில் அதில் விளம்பரமும் தொடங்கியது. அகில இந்திய வானொலி தன் வர்த்தக ஒலிபரப்புக்கு வகுத்த நெறிமுறையில், விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்பது அடிப்படை. தனியார் பண்பலை நிலையங்களுக்கு உரிமம் தரும்போது அரசு போட்ட நிபந்தனையும், அகில இந்திய வானொலியின் அதே நெறிமுறையைப் பின்பற்ற வேண்டும் என்பதே. ஆக, நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு பிறந்த காற்றில்தான் உங்கள் நிலையங்கள் தோன்றி வளர்ந்தன.

"நாங்கள் என்ன செய்வது, சேல்ஸ் டீம் கொடுக்கிற தாளை வாசிக்கிறோம், மறுத்தால் வேலை போகும்" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. அதற்காகவே ஆலன் ஃப்ரீடைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'ராக் அண்ட் ரோல்' என்ற பெயரை அமெரிக்க வானொலியில் பரப்பிய அறிவிப்பாளர் அவர். இசைத்தட்டுக் கம்பெனிகள் தம் பாட்டைப் போடச் சொல்லி அறிவிப்பாளர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தன. 'பேயோலா' என்று அதற்குப் பெயர். 1959இல் விவகாரம் வெடித்தது. பணம் வாங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட மறுத்த ஃப்ரீடை அவருடைய நிலையம் வெளியே அனுப்பியது. 1962இல் வணிக லஞ்சக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 300 டாலர் அபராதம். அபராதம் சிறிதுதான், ஆனால் அவர் பிழைப்பு அதோடு முடிந்தது. 1965இல், 43 வயதில் இறந்தார். இசைத்தட்டுக் கம்பெனிகள் தொடர்ந்து நடந்தன, நிலையங்களும் நடந்தன. நேயரின் நம்பிக்கை அறிவிப்பாளர் பெயரில் இருப்பதால், அது உடையும்போது விழுவதும் அவர் தலையில்தான்.

இங்கேயும் சொல்பவரையே பொறுப்பாக்கும் சட்டம் வந்துவிட்டது. 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடையும் போடலாம். தன் பங்குக்கு உரிய விசாரணை செய்த பிறகே சொன்னேன் என்று காட்ட முடிந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. விளம்பரதாரரோடு உள்ள பணத் தொடர்பை மறைக்கக் கூடாது என்று 2022இல் வந்த வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நீங்கள் 'நானே பயன்படுத்துகிறேன்' என்று சொல்லும் கணத்தில் தாளை வாசிக்கும் ஊழியர் என்ற இடத்திலிருந்து பரிந்துரைப்பவர் என்ற இடத்துக்கு நகர்ந்துவிடுகிறீர்கள். தாளைக் கொடுத்த சேல்ஸ் மேலாளரின் பெயர் எந்த நேயருக்கும் தெரியாது.

உங்களிடம் இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன், இது சட்டத்துக்கு வெளியே உள்ளது. 1937இல் நியூயார்க்கில் பிரசாரப் பகுப்பாய்வுக் கழகம் என்று ஓர் அமைப்பு தோன்றியது. கொலம்பியா ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கிளைட் மில்லர் அதன் முக்கியப் புள்ளி. தொடக்கப் பணம் தந்தவர் பாஸ்டனில் பெரிய அங்காடி நடத்திய வணிகர் எட்வர்டு ஃபைலீன். விளம்பரத்தால் வாழ்ந்த ஒரு வணிகரே, மக்கள் ஏமாறாமல் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பணம் போட்டார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. மனத்தை வளைக்கும் ஏழு உத்திகளை அந்தக் கழகம் வகைப்படுத்திப் பள்ளிகளுக்குப் பாடமாகக் கொடுத்தது. புகழ்பெற்றவரைச் சான்று சொல்ல வைப்பது, நானும் உங்களைப் போல எளியவன்தான் என்று காட்டிக்கொள்வது, எல்லோரும் வாங்குகிறார்கள் நீங்கள் மட்டும் ஏன் நிற்கிறீர்கள் என்று நெருக்குவது ஆகியவை அவற்றில் சில. போர்க்காலம் வந்ததும் 1942இல் கழகம் மூடப்பட்டது. பாடம் மட்டும் பின்வந்த ஊடகக் கல்வியில் நிலைத்தது.

இந்த மூன்றும் நம் ஊருக்குப் புதிதா? 1990களில் அதிக வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து, முதலீட்டாளர் நலனுக்கென்றே 1997இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. 2012இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் சரிந்தன. திரையில் பார்த்துப் பழகிய முகங்கள் விளம்பரத்தில் வந்து சொன்னதை நம்பி நிலத்தை அடகு வைத்த குடும்பங்கள் கொங்கு நாட்டில் உண்டு. அவர்கள் படிக்காதவர்களும் இல்லை, பேராசைக்காரர்களும் இல்லை. ஒரு விளம்பரத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்று பள்ளியில் ஒரு மணி நேரம்கூட யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் தர முடியும். எந்த ஆசிரியரைவிடவும் நீங்கள் நன்றாகத் தருவீர்கள். ஒரு ஜிங்கிள் ஏன் முப்பது நொடிக்குள் கடைப் பெயரை மூன்று முறை சொல்கிறது, சலுகையின் நிபந்தனைகளை மட்டும் ஏன் மூச்சு விடாமல் வேகமாக வாசிக்கிறீர்கள், குழந்தைக் குரலை எந்தச் சரக்குக்குப் போடுவீர்கள், 'இன்று மட்டும்' என்பது ஏன் மறுநாளும் ஒலிக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் உள்ளிருந்து தெரியும். உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் போங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் குரலைக் கேட்டதும் ஓடி வருவார்கள். ஒரே சோப்புக்கு அவர்களையே நாலு விதமாக விளம்பரம் எழுதச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தாமே செய்து பார்த்த பிள்ளையை அதே உத்தியால் பின்னால் ஏமாற்றுவது கடினம். உங்கள் நிலையமே அதை ஒரு நிகழ்ச்சியாக ஒலிபரப்பலாம். அதற்கு ஒரு விளம்பரதாரர் கிடைத்தால் அவர் பெயரையும் உரக்கச் சொல்லுங்கள்.

நிலையத்தில் நாளைக்கே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. மென்ஷன் வாசிப்பதற்கு முன் 'அடுத்து வருவது விளம்பரம்' என்று சொல்ல இரண்டு நொடி போதும். நீங்கள் போகாத இடத்துக்குப் போனதாகவும், சாப்பிடாததைச் சாப்பிட்டதாகவும் எழுதியிருந்தால் அந்த வரியை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மருந்து, முதலீடு இரண்டிலும் உங்கள் சொந்தக் குரலைத் தரவே தராதீர்கள்; பதிவு செய்த தனி விளம்பரமாக வேறு குரலில் வரட்டும். ஒருவர் தனியாகக் கேட்டால் நிர்வாகம் முறைக்கும். ஒரு நிலையத்தின் அறிவிப்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் உங்கள் புரோகிராமிங் தலைவரே நிர்வாகத்திடம் அதைக் கொண்டுபோவார். மூத்தவர்கள் முதலில் கேளுங்கள். நேற்றுச் சேர்ந்த பிள்ளைகளால் அது முடியாது.

அன்புடன்,
உங்கள் நேயர்